முப்பிடாதி அம்மன் காலடியில் வைத்த ஏபிஐ கீ

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், போன மாசியில் புரை எடுத்துவிட்டு டாக்டர் என் இரண்டு கண்ணிலும் வைத்துவிட்ட புது லென்ஸ் இந்தக் கணமே பாலாய் வெளுத்துப் போகட்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு முன்னால் இருக்கிறவரோடு பாயசம் தீர்ந்து போகட்டும். உடைமரத்துவிளை முப்பிடாதி அம்மன் மூக்குத்தி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது நடந்தபடி, கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் முப்பத்தேழு எழுத்தை விழுங்கிவிடுவேன், அது என் குற்றமில்லை என்பது போகப் போகத் தெரியும்.

உடைமரத்துவிளைப் பேரூராட்சியில் தெரு பதினொன்று, குழாய் இருநூற்று அறுபத்து நாலு, ஊர் நடுவில் நாலு காலில் நிற்கிற மேல்நிலைத் தொட்டி ஒன்று. ஆற்றுத் தண்ணீர் பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை வந்து தொட்டியைப் பதினெட்டு அடிக்கு நிரப்பிவிட்டுப் போகும், ஊர் அதை நாளைக்கு ஒரு அடியாகக் குடித்து, குளித்து, மாட்டுக்குக் காட்டி, பதினெட்டாம் நாள் தொட்டியின் அடிப்பாசி வெயிலைப் பார்க்கிற நேரத்தில் மறுபடி ஆறு வரும். முன்னெல்லாம் கொம்பையா என்கிற வால்வு ஆள், ஆள் உயர இரும்புக் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போய்த் திறந்துவிடுவார். அவருக்குப் பிடித்த தெருவுக்குப் பத்து நிமிஷம் கூட, பிடிக்காத தெருவுக்குப் பத்து நிமிஷம் குறைய, இதனால் பஞ்சாயத்தில் நாற்காலி பறந்ததும் உண்டு.

இதற்கு முடிவு கட்டத்தான் சண்முகக்கனியைப் பிடித்தார்கள். முப்பத்தாறு வயது, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்து வருஷம் இருந்துவிட்டு, புருஷனோடு ஒத்துவராமல் ஒரு சூட்கேஸும் ஒரு லேப்டாப்புமாக ஊருக்குத் திரும்பியவள். பேரூராட்சி அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து அவள் ஒரு வெப் சர்வீஸ் எழுதினாள். ஒவ்வொரு குழாயிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி மாட்டினாள். பெட்டி அந்த சர்வீஸைக் கூப்பிட்டு எங்கள் முறை வந்துவிட்டதா என்று கேட்கும், அது திற என்றால் திறக்கும், மூடு என்றால் மூடும். ஆனால் கேட்கிறது நம் வீட்டுப் பெட்டியா, நாசமாய்ப் போகிற எவனாவதா என்று பார்க்க அந்த சர்வீஸுக்குக் கண்ணும் கிடையாது, முகம் நினைவும் கிடையாது. அதற்கு ஒரே அடையாளம் ஏபிஐ கீ. இயந்திரம் தானாகக் குலுக்கிப்போட்ட நாற்பது எழுத்து, நடுநடுவே எண்கள், அர்த்தம் கிடையாது, ஓசை கிடையாது. அந்த நாற்பதையும் ஒன்று பிசகாமல் காட்டுகிறவன் எவனோ அவன்தான் சொந்தக்காரன்.

பெட்டிக்கு ஒரு கீ என்பதுதான் முறை. ஒன்று களவு போனால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்துவிட்டு மற்றதைத் தொடாமல் இருக்கலாம். இது கனிக்குத் தெரியாததல்ல, சென்னையில் நாலு பேருக்குப் பாடம் எடுத்தவள். ஆனால் அம்மன் கோயில் கொடைவிழா அன்றே தொடக்க விழா என்று செயல் அலுவலர் நயினார் நாள் குறித்துவிட்டார், நோட்டீஸும் அடித்தாகிவிட்டது, கைகள் இரண்டுதான் இருந்தன. இருநூற்று அறுபத்து நாலு பெட்டிக்கும் அவள் ஒரே கீயை எழுதினாள். கொடை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

உடைமரத்துவிளையில் புதிதாக வருகிற எதுவும் முதலில் முப்பிடாதி அம்மன் காலடிக்குப் போய்த்தான் ஊருக்குள் வரும். டிராக்டர் போயிருக்கிறது, பிளஸ் டூ ஹால் டிக்கெட் போயிருக்கிறது, சுகாதார நிலையத்தின் பிரஷர் பார்க்கிற கருவி மஞ்சள் குங்குமத்தோடு போயிருக்கிறது, ஒரு வருஷம் சாயபு வீட்டுப் பெரியவரின் பல் செட்டுகூட ஒரு தாம்பாளத்தில் போய் வந்தது. தொடக்க விழாவுக்கு முன் நயினார் கேட்டார், உன் சர்வீஸில் காலடியில் வைக்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று. அவள் யோசிக்காமல், எல்லாமே ஒரு கீயில் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தாள். அப்படியானால் அதை அச்சடித்துக் கொண்டுவா என்றார்.

"சார், அது காகிதத்துலயே எழுதக் கூடாதது. யாருக்கும் தெரியாம இருக்கறதுதான் அதுக்குக் காவலே."

நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அம்மனுக்குத் தெரியக் கூடாதாக்கும்?"

இதற்கு இன்று வரைக்கும் எந்தக் கம்பெனியிலும் பதில் கிடையாது. கனி அச்சடித்தாள், நாலாக மடித்தாள், இரண்டு இடத்தில் ஸ்டேப்ளர் அடித்தாள், நயினார் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தட்டில் வைத்தார்.

அதே தட்டில் அதே மாதிரி நாலாக மடித்து, நாலு மூலையில் மஞ்சள் தடவிய இன்னொரு சீட்டும் இருந்தது. அது கனியின் தம்பி லிங்கதுரையின் மூன்று மாதப் பெண் குழந்தைக்கு வைக்க வேண்டிய பெயர். தூத்துக்குடியில் இருக்கிற எண்கணித ஜோசியர் ஒருவர் குறித்துக் கொடுத்தது. அம்மன் சந்நிதியில் பிரித்துப் படிக்கிறவரைக்கும் பெற்றவர்கள்கூடப் பார்க்கக் கூடாது என்று அவர் கட்டளை. குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரை ஓத வேண்டியவள் அத்தை. அத்தை என்றால் கனிதான். ஆனால் புருஷனை விட்டு வந்தவள் எதற்கு என்று உறவில் யாரோ முணுமுணுத்தார்கள், லிங்கதுரை வாயைத் திறக்கவில்லை, சித்தப்பா மகள் கலாவதியை உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கும் பெட்டிகளைப் பார்க்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கனி தொட்டியடிக்குப் போய்விட்டாள். கோயிலில் இருந்திருந்தால் முதல் எழுத்திலேயே பாய்ந்து பிடித்திருப்பாள், இந்தக் கதையும் இருந்திருக்காது.

கொடைக்காகத் தொட்டியின் நாலு காலிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. கனி லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தலைக்கு நேர் மேலே மாடன் பூசாரியின் குரல் வந்தது. குழந்தையின் நட்சத்திரம் பூரட்டாதி என்றார். நாமதேயம் என்றார். இருமினார். பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, மந்திரம் சொல்கிற இழுப்போடு, "கே, ஏழு, டபிள்யூ" என்று ஆரம்பித்தார்.

கோயிலில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. ஜோசியர் எண்கணிதக்காரர், எண் இல்லாமலா பெயர் வைப்பார் என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். போன வருஷம் பால்காரர் பேத்திக்கு வைத்த பெயரைவிட இது வாயில் எளிதாக நுழைகிறது என்றும் ஒரு பேச்சு வந்தது. பூசாரி மைக்கில் மும்மூன்று எழுத்தாகச் சொல்லச் சொல்ல, கலாவதி குழந்தையின் காதில் மும்மூன்று எழுத்தாக ஓதினாள். கனி ஓடினாள். தொட்டியிலிருந்து கோயிலுக்கு ஏழு நிமிஷம், செருப்பில்லாமல் ஓடினால் ஐந்து. அவள் கொடிமரத்தைத் தொடும்போது மூன்றாவது சுற்றின் நாற்பதாவது எழுத்து ஒலிபெருக்கியில் போய், ஊரைச் சுற்றி, பனங்காட்டில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. சீட்டு மாறிப்போனதில், ஜோசியர் குறித்துக் கொடுத்த ஹ்ரித்விக்‌ஷா என்கிற பெயர் நீர்த் திட்டத்துக்கு வைக்கப்பட்டு, அதற்குத் தேங்காயும் உடைத்தாகிவிட்டது.

கீ வெளியே போய்விட்டால் அந்த நிமிஷமே ரத்து செய், புதுசு போடு; விதி இவ்வளவுதான். கனி கோயில் மதிலோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள், விரல் அந்தப் பொத்தான் மேல் போய் நின்றுவிட்டது. அமுக்கினால் இருநூற்று அறுபத்து நாலு பெட்டியும் அந்தக் கணமே செத்த கீயை வைத்துக்கொண்டு வாயடைத்துப் போகும், ஒரு குழாயும் திறக்காது. பெட்டி பெட்டியாகப் போய், மூடியைத் திருகித் திறந்து, வயர் சொருகிப் புதுக் கீ எழுத வேண்டும், பெட்டிக்கு இருபது நிமிஷம். பூசாரி வாசித்ததைக் கேட்டவர்களில் யாரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, யாருக்கு இதன் பயன் தெரியும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். தொட்டியில் பதினெட்டு அடி இருந்தது.

மறுநாள் காலையில் கீழத்தெரு செல்லத்தாய் பாத்திரம் விளக்கும்போது, முந்தின நாள் கோயிலில் கேட்டது நாக்கிலேயே ஒட்டிக்கிடந்ததால், அந்த நாற்பதெழுத்தையும் வாய்க்குள் ராகம் போட்டுப் பாடினாள். முறை இல்லாத நேரத்தில் குழாய் திறந்து தண்ணீர் கொட்டியது. செல்லத்தாய் அடுப்பில் பருப்பு கிடந்ததால் அதிகம் யோசிக்காமல் குடத்தை நகர்த்தி வைத்தாள். இரண்டாம் குடத்துக்கு மறுபடி பாடினாள். மூன்றாம் குடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். கம்ப்யூட்டரும் வேண்டாம், போனும் வேண்டாம், வாயே போதும். கனியின் லாக்கில், அதாவது வருகிற அழைப்பையெல்லாம் சர்வீஸ் தானே எழுதிவைக்கிற பதிவேட்டில், எங்கிருந்து வந்த அழைப்பு என்று எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. அழைத்தவர் சரியான கீ காட்டினார் என்று மட்டும் நேரத்தோடு பதிவாகியிருந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள்கூட ஆகவில்லை, அது என்னமோ பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. டியூஷன் வாத்தியார் நாற்பதெழுத்தையும் பத்துப் பத்தாகப் பிரித்து வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தார். பல் செட்டு சாயபுவுக்கு நடுவில் ஓர் எழுத்து காற்றாய்ப் போகும், அதனால் அவர் வீட்டில் மட்டும் திறக்காது, பேரன்மாருக்கு மிட்டாய் கொடுத்துச் சொல்லச் சொல்வார். திக்குவாய்ச் சுடலையாண்டிக்கு இரண்டு எழுத்து இரண்டிரண்டாய் விழுந்து நாற்பத்திரண்டு ஆனதில் சர்வீஸ் அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை, அவர் மனம் உடைந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. சண்டை போடுகிற பெண்கள் கடைசிச் சொல்லாக நாற்பதெழுத்தைக் கத்தி, தங்கள் குழாய் கொட்டுவதைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். கீழத்தெரு தையல்காரர் தன் செவலை நாய்க்கு அதையே பெயராக வைத்தார், நாயும் முழுப் பெயர் சொன்னால்தான் எழுந்து வந்தது, அப்படி ஒரு கௌரவம் அதற்கு.

லிங்கதுரை வீட்டில் நிலைமை வேறு. குழந்தையை யார் எப்படிக் கூப்பிட்டாலும் அது திரும்பாது. பாப்பா என்றால் விட்டத்தைப் பார்க்கும், ஹ்ரித்விக்‌ஷா என்றால் கண்ணை மூடிக்கொள்ளும். நாற்பதெழுத்தையும் சொல்லி முடித்தால், அடுத்த கணம் தலையைத் திருப்பி, பல்லில்லாத வாயால் ஒரு சிரிப்பு. அம்மன் முன்னால் வைத்த பெயர், இன்னொரு தடவை வைக்க முடியாது. அதன் அம்மா பொன்ராணி ஒரு தடவை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும், முற்றத்துக் குழாயும் திறந்துகொள்ளும். பிள்ளையைக் கொஞ்சக் கொஞ்ச அண்டா நிறைந்தது, மாட்டுத் தொட்டி நிறைந்தது, வாழைக்குப் பாய்ந்தது.

தொட்டியில் தண்ணீர் நாளைக்கு இரண்டு அடி இறங்கியது. மணிக்கொரு தடவை போனை எடுத்துப் பார்ப்பாள் கனி, சோறு பிசைந்த கையோடும் பார்ப்பாள். பதினாறு. பதினாலே கால். இப்படியே போனால் ஒன்பதாம் நாள் தொட்டி காலி, ஆறு வர அதற்கு மேலும் ஒன்பது நாள். சுற்றியுள்ள கிணறெல்லாம் உப்பு. அவள் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள், கொம்பையா குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வேலை போனவர் அவர், அந்தக் கோபமும் இருந்தது, வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது.

"என் கம்பிய ஒருத்தனும் வாயால சொல்லித் தொறந்ததில்ல கேட்டியா," என்றார் முதல் நாள்.

கனி திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். அவர் சொன்னது சரி.

இந்த முறை விதி விதியாகச் செய்தாள். வீட்டுக்கு ஒரு கீ. அந்தக் கீ அந்த வீட்டுக் குழாயை மட்டும் திறக்கும், அந்த வீட்டுக்குரிய அளவு வந்ததும் தானே மூடும். கீ திரையில் ஒரே ஒரு தடவைதான் தெரியும், அதன் பிறகு கனி கேட்டாலும் காட்டாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, திரையை மூடிவிடுவாள். எழுதிக்கொள்ளட்டுமா என்றால் கூடாது என்பாள், பெண்டாட்டியிடம் சொல்லட்டுமா என்றால் அது உங்கள் தைரியம் என்பாள். ஒரு தெரு முடிந்ததும் பழைய கீயின் அதிகாரத்திலிருந்து அந்தத் தெருவை வெட்டிவிடுவாள்.

முதலில் வெட்டியது கீழத்தெரு. அன்று சாயங்காலம் செல்லத்தாய் குழாயடியில் உட்கார்ந்து பழக்கத்தில் வாயைத் திறந்தாள். கே என்றாள், ஏழு என்றாள், டபிள்யூ என்றாள், அதற்கு மேல் வரவில்லை. நாக்கு இருந்தது, மூச்சு இருந்தது, அந்த முப்பத்தேழு எழுத்து மட்டும் அலசிவிட்ட மாதிரி இல்லை. கீழத்தெரு முழுக்க அப்படித்தான். செத்துப்போன கீ நினைவில் மட்டும் எப்படி உயிரோடு இருக்கும் என்று ஊர் அதையும் சரியென்று எடுத்துக்கொண்டது. புதுக் கீ இருக்கிறதே, இனி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அதைச் சொன்னால் போதும்.

தையல்காரர் நாய் மட்டும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கே ஏழு டபிள்யூ என்று கூப்பிட்டார், திரும்பவில்லை. செவலை என்றார், சீட்டி அடித்தார், கருவாட்டைக் காட்டினார். அது தெரு நடுவில் நின்று, இதற்கு முன்னால் யாரும் எதற்கும் தன்னைக் கூப்பிட்டதே இல்லை என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெயின் ரோட்டில் ஏறி, மேற்கே பார்த்து, அவசரமில்லாமல் நடந்து போய்விட்டது. கனி அப்போது அங்கே நின்றாள். கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது, கொம்பையாதான் எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெரு ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட, மறதி தண்ணீர் மாதிரி ஊருக்குள் ஏறிக்கொண்டு வந்தது. கடைசியில் இருப்பது மேட்டுத்தெரு, மேட்டுத்தெருவில் கடைசி வீடு லிங்கதுரை வீடு, அங்கே இருநூற்று அறுபத்து நாலாவது பெட்டி, அதன் பக்கத்தில் தொட்டிலில் அந்த நாற்பதெழுத்துக்கு மட்டுமே திரும்புகிற ஒரு தலை. வேகமாகப் போனால் தொட்டி பிழைக்கும். மெதுவாகப் போனால் பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் பெயர் இருக்கும். ஒரு நாள் அவள் பதினெட்டுப் பெட்டியோடு நிறுத்திவிட்டு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாள்; அன்றைக்கு மட்டும் இரண்டே முக்கால் அடி இறங்கியது, எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் நினைத்ததுபோல் வெட்டிய தெருக்காரர்கள் சும்மா இருக்கவுமில்லை. தங்கள் வீட்டு அளவு தீர்ந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பழைய கீ இன்னும் உயிரோடு இருக்கிற தெருவுக்கு, மச்சான் வீடு, மதினி வீடு, மாமன் வீடு என்று நடந்தார்கள். பத்துத் தெரு முடிந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் மேட்டுத்தெருவில் இருபத்து மூன்று வீடும் முடிந்தது. தொட்டியில் மூன்று அடி. ஆறு வர ஒன்பது நாள்.

கனி லிங்கதுரை வீட்டுக்குள் நுழைந்தபோது முற்றத்தில் நிற்க இடமில்லை. பதினொரு தெருவின் குடமும் அங்கே இருந்தது, பிளாஸ்டிக், எவர்சில்வர், பெயிண்ட் வாளி, ஒரு பழைய பிரிட்ஜின் காய்கறித் தட்டு. ஊரில் அந்த நாற்பதெழுத்து மிச்சமிருந்தது இந்த ஒரு வீட்டில்தான். பொன்ராணி குழாயடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை பிள்ளையைக் கூப்பிடு தாயி, இந்த ஒரு குடத்துக்கு மட்டும் கூப்பிடு என்று சுற்றி நின்றவர்கள் கெஞ்ச, அவள் கூப்பிட்டாள். கெஞ்சாதபோதும் கூப்பிட்டாள். விடியற்காலையிலிருந்து நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், தொண்டை கட்டி, குரல் உமியாய் உரசியது. சொல்லிக்கொண்டே இருந்தால் அது போகாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஒவ்வொரு தடவையும் பிள்ளை திரும்பிச் சிரித்தது, ஒவ்வொரு தடவையும் குழாய் கொட்டியது. போனில் மூன்று அடி என்பது இரண்டு அடி பதினோரு அங்குலம் ஆனது. சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், பிரசவ வலியில் இரண்டு பேர், அங்கே குழாயில் நூலாக வருகிறது என்று.

"மதினி," என்றாள் பொன்ராணி. "எங்க வீட்ட மட்டும் விட்டுருங்க. ஒரே ஒரு வீடு. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

கனி அந்த முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பதில் அங்கேயே குடம் குடமாக உட்கார்ந்திருந்தது. "ஒரு வீட்டுல அது உயிரோட இருந்தா ஊரே அந்த வாசல் வழியா வரும். பாத்தேல்லா."

"அந்த நாய் போன மாதிரி எம்பிள்ளையும்..." பொன்ராணி முடிக்கவில்லை. முடிக்காமல் மறுபடி கே என்று தொடங்கினாள், ஏழு என்றாள்.

லிங்கதுரை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கனி கடைசிப் பெட்டியைப் பிரித்தாள். இருபது நிமிஷம் ஆகிற வேலை, அன்று நாற்பது நிமிஷம் ஆனது, இரண்டு தடவை வயர் கழன்றுவிட்டது. வேலை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, பழைய கீயை ரத்து செய்கிற பக்கத்துக்குப் போனாள். நிச்சயமாகத்தானா, செய்தபின் திரும்பப் பெற முடியாது என்று இயந்திரம் கேட்டது. ஒன்பது நாளாக அவள் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது.

அவள் அமுக்கினாள்.

குழாய் நின்றது. பொன்ராணி, "கே, ஏழு, டபிள்யூ," என்றாள், வாய் திறந்தபடியே இருந்தது. மறுபடி சொன்னாள். மூன்றாம் எழுத்தோடு ஒரு சுவர் நின்றது. பிள்ளை சிரிப்பு பாதியில் இருந்த முகத்தோடு அம்மாவைப் பார்த்தது, பிறகு கூட்டத்தைப் பார்த்தது, பிறகு எதையும் பார்க்கவில்லை. லிங்கதுரை பாப்பா என்றான், கை தட்டினான், கிலுகிலுப்பையை ஆட்டினான், கிலுகிலுப்பை கையிலிருந்து தெறித்துப் போகிற அளவுக்கு ஆட்டினான். தெரு நடுவில் நின்ற நாயின் பார்வை அந்தக் கண்ணில் வந்து உட்கார்ந்தது. முற்றத்தில் ஒரு குடம்கூட நகரவில்லை.

பொன்ராணி எழுந்து வந்தாள். பிள்ளையைக் கனியின் கையில் வைத்தாள். கட்டிய தொண்டையில் காற்றுதான் வந்தது. "அன்னைக்கே ஒங்க மடியிலதான் வச்சிருக்கணும். நீங்களே சொல்லுங்க மதினி."

கனி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் இருநூற்று அறுபத்து நாலாவது பெட்டியின் புதுக் கீ இருந்தது, ஒரே தடவை காட்டப்படுவது, நாற்பது எழுத்து, அர்த்தம் கிடையாது, ஓசை கிடையாது. முதலில் கொம்பையாதான் குடையைச் சாய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். பிறகு செல்லத்தாய், பிறகு டியூஷன் வாத்தியார், பிறகு பதினொரு தெருவும் குடத்தோடு முதுகு காட்டித் திரும்பியது. காதைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. பூசாரி தன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, போதாதென்று கண்ணையும் மூடிக்கொண்டார். மைக் இல்லாமல், தட்டு இல்லாமல், கையால் வாயை மறைத்து, அந்தச் சின்னக் காதோரம் குனிந்து கனி ஒரு தடவை ஓதினாள். ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை ஓதும்போது அவள் குரல் உடைந்தது, எழுத்து உடையவில்லை. மூன்றாம் தடவை, கடைசி எழுத்தைச் சொல்லி வாயை மூடுவதற்குள், பிள்ளை தலையைத் திருப்பி அவள் மூக்கை எட்டிப் பிடித்தது. முற்றத்துக் குழாய் திறந்தது. ஒரு குடம் நிறைகிற அளவுக்கு வந்தது, மூன்று பேர் வீட்டுக்கு அந்த வேளைக்கு அவ்வளவுதான், தானே மூடிக்கொண்டது.

கனி திரையை மூடினாள். அது மறுபடி யாருக்கும் காட்டவில்லை.

மிச்சமிருந்த தண்ணீரை ஊர் ஒன்பது நாளுக்கு வீட்டுக்கு இரண்டு குடமாகக் குடித்தது. வேர்த்த உடம்போடு, உப்புக் கிணற்றில் துணி அலசி, ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டிக்கொண்டு குடித்தது. சுகாதார நிலையத்தில் இரண்டும் ஆண் குழந்தைகள். பதினெட்டாம் நாள் ஆறு வந்தபோது தொட்டியில் இன்னும் நாலு விரல்கடை மிச்சம் இருந்தது என்று கொம்பையா ஏணி வைத்து ஏறிப் பார்த்துச் சொன்னார், கனியின் போன் சொன்னதை அவர் நம்பவில்லை. இப்போதும் உடைமரத்துவிளையில் குழாயடியில் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள், வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்னவோ வேண்டுதல் என்று நினைப்பார்கள். பெண் கல்யாணமாகிப் போகிற அன்றே, அவளுக்குத் தெரிந்த வீட்டுக் கீயை ரத்து செய்து புதுசு வாங்கிக்கொண்டுதான் பந்தியில் இலை போடுவார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஹ்ரித்விக்‌ஷா என்று கூப்பிட்டால் வந்துவிடுவாள், ஆனால் ஒரு நொடி தாமதித்துத்தான் வருவாள், வேறு ஒரு பெயர் உள்ளவர்கள் வருகிற மாதிரி. அந்தப் பெயர் அவளுக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். பொன்ராணிக்குக்கூடத் தெரியாது; பிள்ளைக்குப் பேச்சு வருகிறவரை கனிதான் தினமும் வந்து அந்தக் குழாயைத் திறந்துவிட்டாள், இப்போது தாகம் எடுத்தால் மகளைத்தான் கூப்பிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, கொடைக்கு முன்னால், கனி வந்து பிள்ளையை மடியில் போட்டுப் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுசு ஓதிவிட்டுப் போவாள். கீயை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதும் விதிதான். அந்தப் பொழுதில் மட்டும் பொன்ராணி வாசலில் போய் நின்றுகொள்வாள், மூன்றாம் தடவை ஓதி முடிந்து உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறவரைக்கும் மூச்சு விடமாட்டாள்.

இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். முற்றத்தில் எல்லாரும் திரும்பி நின்றார்கள் என்றேன், எல்லாரும் காதைப் பொத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை, இப்போதுகூட நான் பேசவில்லை. யாராவது கேட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள், அவர் பாதி வழியில் இறங்கிவிட்டார் என்றும் சொல்லுங்கள். எல்லாமே கனியின் லாக்கில் நேரத்தோடு விழுகிறது. நான் வாய் விட்டது தெரிந்தால் என் வீட்டுக் கீயை ரத்து செய்ய அவளுக்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான். நாளைக் காலையில் நான் குழாயடியில் குந்தி முதல் மூன்று எழுத்தோடு விழித்துக்கொண்டிருப்பேன், என் வீட்டில் இன்னும் குளிக்காதவர்கள் ஆறு பேர்.